பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஜெர்மன் போர்க்காலச் சீருடைச் சின்னங்கள் பற்றி ஓர் ஆரம்பப் பாடம்

புடவைக் கடையில் அனுபவமுள்ள பெண்கள் செய்யும் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் முந்தானையை விரித்துப் போட்டு ஜரிகையைப் புகழ்ந்துகொண்டிருப்பார். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கத்தில் நூல் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் சீருடைகளில் தைத்திருந்த துணிச் சின்னங்களைச் சேகரிக்க நினைப்பவருக்கு என்னால் சொல்லித்தர முடிந்ததில் பாதி இதுதான். மீதிப் பாதி, விற்பவர் சொல்லும் கதைக்குக் காது கொடுக்கலாம், காசு கொடுக்கக் கூடாது என்பது.

இந்தப் பாடத்தை நான் 40 யூரோ கட்டிப் படித்தேன். பெல்ஜியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. முட்டை வடிவத்தில் பச்சைத் துணி, சுற்றிலும் முறுக்கிய கயிறு போன்ற ஓரம், நடுவில் வெள்ளை இதழும் மஞ்சள் மகரந்தமுமாக ஓர் எடல்வைஸ் பூ. ஆல்ப்ஸ் மலைப் பூ அது. ஜெர்மன் மலைப்படை வீரர்கள் 1939 முதல் வலது மேற்கையில் அணிந்த சின்னம். விற்றவர் தன் தாத்தாவைப் பற்றியும் அவர் ஏறிய பனிமலைகளைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார். கண் கலங்கியது போலவும் இருந்தது. நான் பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடித்தேன். பூ, கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்கு மாதிரி நீலமாகப் பளீரிட்டது. திருப்பிப் பார்த்தால் பின்னால் வெள்ளைப் பஞ்சுத்தாள் ஒட்டியிருந்தது. இன்றைய கணினித் தையல் இயந்திரத்தில் துணி சுருங்காமல் இருக்க அடியில் வைக்கும் தாள் அது. தாத்தா உண்மையாக இருந்திருக்கலாம். சின்னம் உண்மையில்லை.

எவற்றைச் சின்னம் என்கிறோம்

ஜெர்மன் சீருடை, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி. எந்தப் படை, எந்தப் பிரிவு, என்ன பதவி, என்ன வேலை, எங்கே போரிட்டவர் என்பதெல்லாம் துணியிலேயே எழுதியிருக்கும். எல்லோருக்கும் பொதுவானது கழுகு. நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திகா வடிவக் கொக்கிச் சிலுவையைப் பற்றியிருக்கும் இந்தக் கழுகு 1934இல் ராணுவ உடையில் ஏறியது. அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை வைத்தே படையைச் சொல்லிவிடலாம். தரைப்படையில் வலது மார்புப் பைக்கு மேலே, சிறகுகளை நேராக விரித்து நிற்கும். காலடியில் இலை வளையத்துக்குள் சிலுவை. விமானப்படையில் அதே இடத்தில்தான், ஆனால் கழுகு பறந்துகொண்டிருக்கும். சிலுவையைக் காலில் கவ்வியிருக்கும், வளையம் கிடையாது. கடற்படையில் கருநீலத் துணியில் மஞ்சள் அல்லது தங்க நிறம். நாஜிக் கட்சியின் ஆயுதம் தாங்கிய அமைப்பான எஸ்.எஸ்.ஸைச் சேர்ந்தவர்களோ கழுகை மார்பில் வைக்காமல் இடது மேற்கையில் வைத்தார்கள். கழுகு மார்பில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி, அந்த உடையை அணிந்தவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காலர் சின்னமும் தோள்பட்டையும். இவற்றில் பிரிவுக்கு ஒரு நிறம் உண்டு. காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, பாலம் கட்டிக் கண்ணிவெடி எடுக்கும் பொறியாளர்களுக்குக் கறுப்பு, தகவல் தொடர்புக்கு எலுமிச்சை மஞ்சள், குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், மலைப்படைக்கு இளம்பச்சை, மருத்துவப் பிரிவுக்குக் கருநீலம். டாங்கிப் படைக்கு ரோஜா நிறம். முதன்முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கறுப்பு உடையில் அந்த ரோஜா ஓரம் இருந்தால் விலை மடங்காகிவிடும் என்பதால் போலி செய்கிறவர்கள் சிரிப்பதில்லை.

பிறகு தொழிற்சின்னங்கள். கரும்பச்சை வட்டத் துணியில் மஞ்சள் நூலால் ஓர் உருவமோ பழைய ஜெர்மன் எழுத்தோ இருக்கும். பாம்பும் கோலும் இருந்தால் மருத்துவ உதவியாளர். குதிரை லாடம் இருந்தால் லாடம் அடிப்பவர். 'எஃப்' எழுத்து இருந்தால் வெடிமருந்துப் பொறுப்பாளர், 'பி' என்றால் தூதுப் புறா வளர்ப்பவர். டாங்கிகளின் போராகவே நாம் நினைவில் வைத்திருக்கும் ஒரு போரில், லாடம் அடிப்பவருக்கும் புறா வளர்ப்பவருக்கும் தனித்தனிச் சின்னம் தேவைப்பட்டது. அந்தப் படை கடைசிவரை பெருமளவு குதிரைகளை நம்பியே நகர்ந்தது. எனக்கு இந்தச் சின்னங்கள்தான் பிடித்தவை. விலையும் குறைவு, சிலுவையும் இல்லை.

கடைசியாகக் கைப்பட்டைகள்: சட்டைக் கையின் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தைக்கும் நீள நாடா, அதில் படைப்பிரிவின் பெயரோ போர்க்களத்தின் பெயரோ இருக்கும். 'கிரேட்டா' பட்டை வெள்ளைத் துணியில் மஞ்சள் எழுத்து. கிரீட் தீவில் போரிட்டவர்களுக்காக 1942இல் வந்தது. 'ஆப்பிரிக்கா' பட்டை மணல் நிறம், எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பனைமரம். 1943 ஜனவரியில் வந்தது. 1941இல் வந்த 'ஆப்பிரிக்காகோர்ப்ஸ்' பட்டை வேறு. அது படைப்பிரிவின் பெயர்ப்பட்டை. பனைமரப் பட்டையோ, குறைந்தது ஆறு மாதமாவது அங்கே பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட கௌரவம். இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை சொல்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

நெய்ததா, தைத்ததா

இனி அந்தப் பின்பக்கத்துக்கு வருவோம். சின்னங்கள் மூன்று வழிகளில் உருவாயின: தறியில் நெய்தவை, இயந்திரத்தில் எம்பிராய்டரி செய்தவை, கையால் ஜரிகை வேலை செய்தவை.

நெய்தவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'பேவோ'. வூப்பர்டால் நகரத்து நாடா ஆலை ஒன்றின் பெயர்ச் சுருக்கம் அது. வேறு ஆலைகளும் நெய்தன என்றாலும், நகல் எடுக்கும் எந்த இயந்திரத்தையும் நாம் ஜெராக்ஸ் என்பதுபோல, நெய்த சின்னம் எல்லாமே பேவோ ஆகிவிட்டது. ஜக்கார்டு தறியில் நீள நாடாவாகக் கழுகுகள் வரிசையாக நெய்யப்படும். பிறகு ஒவ்வொன்றாக வெட்டி, ஓரத்தைப் பின்னால் மடித்துச் சட்டையில் தைப்பார்கள். ஜக்கார்டு என்றதும் காஞ்சிபுரத்துப் பார்டர் நினைவுக்கு வந்தால் நல்லது, தத்துவம் அதேதான். முன்பக்கத்தில் உருவமாகத் தெரியும் நூல், உருவம் முடிந்ததும் காணாமல் போவதில்லை. பின்பக்கத்துக்குப் போய் மிதந்து ஓடும். அதனால் உண்மையான நெய்த கழுகின் பின்பக்கத்தில் அந்த உருவத்தின் மறுபிம்பம் மங்கலாகத் தெரியும். நெசவு நெருக்கமாக, கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இறகுகளின் நுனி கூர்மையாக இருக்கும். போலியில் நூல் தடித்திருக்கும், இறகு நுனிகள் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும், கழுகின் கண் வெறும் புள்ளியாகிவிடும்.

என் மேஜையில் இப்போது ஒன்று கிடக்கிறது. தரைப்படைச் சிப்பாயின் மார்புக் கழுகு. சாம்பல் நிற ரேயான் நூல், களப்பச்சைத் தரை. இடது சிறகின் நுனியில் ஒரு சின்ன மெழுகுக்கறை. நான்கு ஓரமும் பின்னால் மடிந்திருக்கின்றன. மடிப்பை நகத்தால் லேசாகத் தூக்கினால் உள்ளே இருக்கும் துணி, வெளியே இருப்பதைவிட ஒரு படி பச்சையாக இருக்கிறது. வெயில் படாத இடம் அது. ஓரம் நெடுகத் தையல் துளைகள். இரண்டு இடத்தில் பழைய நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்தில் சட்டைக் கம்பளியின் சாம்பல் இழைகள் நாலைந்து சிக்கியிருக்கின்றன. முன்பக்கத்தில் இருக்கும் எதையும் நல்ல தொழிற்சாலை ஒன்றால் நகலெடுத்துவிட முடியும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஒரு படிப் பச்சையை யாரும் பொதுவாகச் செய்து வைப்பதில்லை. தேநீரில் ஊறவைத்துப் பழசாக்குகிறவர்களின் கைவேலை மடிப்புக்குள்ளும் ஒரே சீராகப் பழுப்பேறிக் கிடக்கும். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இயந்திர எம்பிராய்டரி வேறு ரகம். கம்பளித் துணியின்மேல் நூலால் உருவத்தை நிரப்புவது. விமானப்படைச் சிப்பாய்களின் கழுகுகள் பெரும்பாலும் இப்படித்தான். பின்பக்கத்தில் கறுப்போ வெள்ளையோ அடிநூல் தெரியும். துணிக்கு விறைப்புக் கொடுக்கச் சல்லடைத் துணி வைத்திருப்பார்கள். பழைய இயந்திரங்களில் மனிதக் கையின் பங்கு இருந்ததால் தையல் கொஞ்சம் ஏறி இறங்கும், இரண்டு கழுகுகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. கணினியில் செய்ததோ ராணுவ ஒழுங்குடன் இருக்கும். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் நூலைக் கத்தரிக்காமல் விட்டிருப்பார்கள். பின்னால் பிளாஸ்டிக் பூச்சோ, இஸ்திரி வைத்து ஒட்டும் பசையோ இருந்தால் பேச்சே வேண்டாம்.

அதிகாரிகளுக்குரியது ஜரிகை வேலை. ஆரம்பத்தில் வெள்ளிக் கம்பியும் இருந்தது. பிறகு பெரும்பாலும் அலுமினியம். வெள்ளி கறுத்துப்போகும். அலுமினியம் கறுக்காது, பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்து நிற்கும். ஆகவே அலுமினிய வேலை என்று சொல்லப்படும் சின்னம் கன்னங்கரேலென்று இருந்தால் யோசியுங்கள். கடற்படைச் சின்னங்களில் 'செல்லியான்' என்ற பொன்னிற நூலும் உண்டு; செல்லோபேன் தாளில் இருந்து எடுத்த நூல், உலோகமே இல்லை, அதனால் இன்றுவரை மங்காமல் மின்னும். புதியவர்கள் இதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குவதும், உண்மையான போலியைப் பார்த்து ஆஹா என்பதும் வழக்கம். ஜரிகைப் போலிகளில் பெரும்பங்கு நம் துணைக்கண்டத்துக் கைவேலை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சியால்கோட்டிலும் வாரணாசியிலும் தலைமுறைகளாக உலகப் படைகளுக்கெல்லாம் ஜரிகைச் சின்னம் செய்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்வது நேர்மையான நகல். அதற்கு வயதைக் கூட்டி விற்பவன் நடுவில் வருகிறான்.

துணியே தேதியும் சொல்லும். போருக்கு முந்தைய தரைப்படைச் சின்னங்கள் புட்டிக் கண்ணாடிப் பச்சையில், வெள்ளியும் வெள்ளையுமாக மிடுக்காக இருக்கும். 1940 வாக்கில் அடித்துணி சாம்பல் பச்சையாகிறது, நூலும் எலிச் சாம்பலுக்கு இறங்குகிறது. தூரத்திலிருந்து குறிபார்க்கிறவனுக்கு வெள்ளைக் கழுகு வசதியான இலக்கு என்பதும் ஒரு காரணம், மூலப்பொருள் தட்டுப்பாடு இன்னொன்று. வடஆப்பிரிக்காவுக்குப் போனவை பழுப்புத் துணியில் நீலச்சாம்பல் நூல். 1944இல் வந்த குட்டைச் சட்டையில் கழுகு ஒரு முக்கோணத் துணியில் நெய்யப்பட்டது. தைக்க எளிது, அவ்வளவுதான். மிடுக்கு முழுவதும் போய்விட்டது. விற்பவர் "1936 மாதிரிச் சட்டையில் இருந்து எடுத்தது" என்று சொல்லி முக்கோணக் கழுகைக் கையில் கொடுத்தால், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். திருத்த வேண்டியதில்லை, வாங்காமல் வந்தால் போதும்.

விளக்கும் நெருப்பும்

என் எடல்வைஸைக் காட்டிக்கொடுத்த புற ஊதா விளக்கை எல்லோரும் முதல் நாளே வாங்கிவிடுகிறார்கள். அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பயன். துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்ரசாயனங்கள் நூலிலும் சலவைத்தூளிலும் பரவலாகச் சேர்ந்தது போருக்குப் பிறகு. அவைதான் இருட்டில் நீலமாக ஒளிர்கின்றன. அதனால் ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் உண்மையான சின்னத்தை 1960களில் ஒரு பாட்டி சட்டையோடு சேர்த்துத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். அந்தச் சமயத்தில் ஒளி எல்லா நூலிலும் மேலோட்டமாகப் படர்ந்திருக்கும். போலியில் ஒரு குறிப்பிட்ட நிற நூல் மட்டும் பளீரிடும். ஒளிராவிட்டால் அசல் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. இந்த விளக்கு போலி செய்பவர்களிடமும் இருக்கிறது. ஒளிராத நூலைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குத் தெரியாதா?

நெருப்புச் சோதனை நமக்குப் பழக்கமானது. பட்டுநூலைக் கொளுத்திப் பார்த்து முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்ப்பது போலத்தான். ஏற்கெனவே பிரிந்து தொங்கும் ஓர் இழையை மட்டும் கிள்ளி எடுத்துக் கொளுத்த வேண்டும். கம்பளி என்றால் முடி வாடை. பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சிறு உருண்டையாகக் கெட்டிப்படும். பாலியஸ்டரை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள், சந்தைக்கு வந்தது போருக்குப் பிறகு. ஜெர்மன் சீருடையில் அது இருக்க வழியே இல்லை. நைலான் வகை மட்டும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் ஜெர்மானியர்கள் 1938இலேயே பெர்லான் என்ற பெயரில் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அது பாராசூட்டுக்குப் போன சரக்கு, சிப்பாயின் சட்டைக் கழுகில் அதை எதிர்பார்க்க முடியாது. விற்பவர் கடையில் நின்றுகொண்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அடி விழும்.

கட்சிக்கும் எஸ்.எஸ்.சுக்கும் உரிய பொருட்களை மியூனிக்கிலிருந்த ஓர் அலுவலகம் கட்டுப்படுத்தியது; 'ஆர்.இசட்.எம்.' என்ற எழுத்துகளுடன் எண்ணிட்ட காகிதச் சீட்டு அவற்றில் ஒட்டப்பட்டது. தரைப்படைக் கழுகில் இந்தச் சீட்டைப் பார்த்தால் ஒட்டியவருக்கு வரலாறு தெரியவில்லை என்று பொருள். எஸ்.எஸ். கைப்பட்டையை எடுத்துக்கொண்டால், அதன் மேல்கீழ் ஓரக் கோட்டில் ஏழு அலுமினிய இழைகள் இருக்க வேண்டும் என்பது பழைய சேகரிப்பாளர்களின் வாய்பாடு. எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், போலி செய்பவர்களும் எண்ணத் தெரிந்தவர்கள்தான்.

விலை எங்கிருந்து வருகிறது

போரின்போது ஜெர்மன் ராணுவத்தில் மொத்தமாகப் பணியாற்றியவர்கள் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு அருகில். ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சட்டை, ஒவ்வொரு சட்டையிலும் ஒரு கழுகு, தொப்பியில் இன்னொன்று. 1945இல் அமெரிக்க வீரர்கள் கிடங்குகளில் வெட்டாத நாடாச் சுருளாகவே கண்டெடுத்து நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆகவே சாதாரணத் தரைப்படைச் சின்னங்கள் அரிய பொருளே அல்ல. சில பத்து டாலரில் தொடங்கி நூறு, நூற்றைம்பதுக்குள் நல்லதாகக் கிடைக்கும். எஸ்.எஸ். ஆயுதப் படையில் மொத்தமாகப் பணியாற்றியவர்களே ஏறத்தாழ ஒன்பது லட்சம்தான். கடைசி நாட்களில் பிடிபட்டால் என்ன ஆகும் என்று பயந்து அவர்களே சின்னங்களைப் பிய்த்து எறிந்தார்கள். மிஞ்சியது குறைவு, வேண்டுகிறவர்கள் அதிகம். அவர்களின் கழுகுக்குச் சில நூறு டாலரும், கைப்பட்டைக்கு ஆயிரத்துக்கு மேலும் கேட்பது சாதாரணம். இதன் மறுபக்கம், போலிகளும் அங்கேதான் குவிகின்றன. பழைய பொருளே கையில் வாங்கிப் பார்த்திராத ஒருவர் முதல் வாங்கலாக எஸ்.எஸ். சின்னத்தைத் தேர்ந்தெடுப்பது, நீச்சல் கற்க ஆடிப்பெருக்கில் இறங்குவது போல.

விலையை மதிப்பிட, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று வருடமாக அதே பொருள் அதே விலையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏல நிறுவனங்கள் வெளியிடும், உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தேடுங்கள். அதே வகை, அதே நிலை, அதே தயாரிப்பு முறை என்று மூன்று நான்கை ஒப்பிட்டால் ஒரு வரம்பு கிடைக்கும்.

நிலை என்பதிலும் ஒரு வினோதம் உண்டு. நாணயம், தபால்தலையில் புத்தம்புதிதாக இருப்பதே மேல். இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது. தைக்காத புதுச் சின்னத்தைப் போலியிலிருந்து பிரிப்பது கடினம், அதனால் அனுபவசாலிகளில் பலர் தைத்து, அணிந்து, பிரித்தெடுத்ததையே விரும்புவார்கள். துளையும் மடிப்பும் சாட்சி. ஆனால் பூச்சி அரித்தது, கத்தரியால் உருவத்தின் ஓரம்வரை வெட்டியது, பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டியது எல்லாம் விலையைப் பாதிக்குமேல் இறக்கும். சட்டையோடு சேர்ந்தே இருந்தால் மதிப்பு பல மடங்கு. பணத்தாசையில் நல்ல சட்டையிலிருந்து சின்னங்களைத் தனித்தனியாகப் பிய்த்து விற்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் அச்சில் எழுதக்கூடிய வார்த்தை எதுவும் இல்லை.

கதைக்கு விலை இல்லை என்று சொன்னேன். ஆவணத்துக்கு உண்டு. அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய பொருளை ஊருக்கு அனுப்ப அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சீட்டில் பொருளின் பெயர் குறிப்பிட்டிருந்து, அது இந்தப் பொருள்தான் என்று காட்ட முடிந்தால் விலை ஏறும். 'கொடிகள், சின்னங்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் அந்தச் சீட்டை எதனுடன் வேண்டுமானாலும் சேர்த்து விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள்.

பாயும் புலி

இந்தியர் ஒருவர் இந்தத் துறைக்குள் வந்தால் சீக்கிரமே கண்ணில் படும் ஒரு சின்னம் இருக்கிறது. கேடய வடிவம். காவி, வெள்ளை, பச்சை மூவர்ணம். வெள்ளைப் பட்டையில் பாயும் புலி, திப்பு சுல்தானின் மைசூர்ப் புலியின் வாரிசு. மேலே வெள்ளைத் தரையில் கறுப்பெழுத்தில் 'ஃப்ரையஸ் இண்டியன்', அதாவது சுதந்திர இந்தியா. ஜெர்மன் சீருடையின் வலது மேற்கையில் தைத்தது.

நம்மூரில் நேதாஜியின் படை என்றால் சிங்கப்பூர், மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டு சேர்ந்த ஐ.என்.ஏ.தான் நினைவுக்கு வரும். இது வேறு. 1941 ஏப்ரலில் பெர்லின் சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், வடஆப்பிரிக்காவில் ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை வீரர்களைக் கொண்டு ஐரோப்பாவில் உருவாக்கிய படை. மூவாயிரம் பேர் அளவில் இருந்தது. 1943 பிப்ரவரியில் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். படை நெதர்லாந்துக்கும் பிறகு பிரான்ஸின் அட்லாண்டிக் கரைக்கும் காவலுக்குப் போனது. 1944 ஆகஸ்டில் எஸ்.எஸ். நிர்வாகத்தின்கீழ் மாற்றப்பட்டது. இந்தியாவைப் போரில் பார்க்கவே இல்லை.

மூவாயிரம் பேருக்குச் செய்த சின்னத்தில் எத்தனை மிஞ்சியிருக்கும்? விலை அதிகம், ஆசைப்படுகிறவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு, பார்வைக்கும் அழகு. போலி செய்பவனுக்கு இதைவிட நல்ல சரக்கு ஏது? சந்தையில் நான் கையில் வாங்கிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை முதல் பார்வையிலேயே தோற்றன. புலியைப் பாருங்கள் முதலில். சிலவற்றில் புலி பாயாது, சோபாவில் படுத்திருக்கும். கோடுகள் வெறும் கறுப்புத் திட்டு. காவிக்குப் பதில் ஆரஞ்சுச் சாயம், அதுவும் விளக்கடித்தால் ஒளிர்கிறது. பின்பக்கத்தில் பஞ்சுத்தாள், என் எடல்வைஸின் ஒன்றுவிட்ட தம்பி. போஸ் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களுக்கும் இதே கதிதான். அவற்றைச் செய்த வியன்னா நிறுவனமே போருக்குப் பிறகும் அச்சடித்தது, ஆகவே 'அதே நிறுவனத்தின் முத்திரை' என்பது எதையும் நிரூபிக்காது. குடும்பப் பெட்டியில் இருந்து இது வந்தது என்று யாராவது காட்டினால், சின்னத்தைவிட அந்தக் குடும்பத்தில் இருக்கும் கடிதங்களையும் ராணுவப் பதிவுப் புத்தகத்தையும் கேட்பேன்.

எதை வாங்கலாம், எங்கே வாங்கலாம்

நம் வாசற்படியில் மஞ்சளால் போடும் ஸ்வஸ்திகாவையும் ஜெர்மன் கொக்கிச் சிலுவையையும் ஐரோப்பியர் ஒருவர் ஒரே கண்ணால் பார்க்க மாட்டார், பார்க்கவும் முடியாது. ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். கல்வி, ஆய்வு, கலைக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அங்குள்ள ஏலப் பட்டியல்களில் சிலுவை மறைக்கப்பட்டிருக்கும், சந்தையில் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் நாஜிச் சின்னங்களை விற்பதே தடை. ஈபே 2001இலேயே கதவைச் சாத்திவிட்டது. புலம்பெயர்ந்த நாட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பார்சல் சுங்கத்தில் நின்றபிறகு பார்ப்பதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. அதுவும் துணிச் சின்னம்தான்: மஞ்சள் நட்சத்திரம். 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் ஆறு வயது முதல் மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெர்லினில் ஒரு கொடி ஆலை அதைத் துணிச் சுருளாக அச்சடித்தது. ஒரு நட்சத்திரத்துக்குப் பத்து பெனிக் என்று அதை அணியவேண்டியவர்களிடமே காசும் வாங்கினார்கள். சந்தையில் வரும் நட்சத்திரங்களில் போலி ஏராளம். உண்மையானது என்றால் அது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கழுகைச் சேகரிக்கிறவன் இதைச் சொல்ல என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான். எங்கே கோடு கிழிப்பது என்பதில் சேகரிப்பாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கோடு இங்கே.

முதல் வாங்கலுக்கு ஒரு தொழிற்சின்னமோ எடல்வைஸோ போதும். ஆனால் எடல்வைஸில் ஒரு கண்ணி இருக்கிறது: 1955இல் உருவான மேற்கு ஜெர்மன் ராணுவத்தின் மலைப்படையும் அதே பூவை வைத்துக்கொண்டது, இன்றும் வைத்திருக்கிறது. போலியே இல்லாத, ஆனால் போர்க்காலத்துடையதும் இல்லாத சின்னம் உங்கள் கைக்கு வரலாம். விற்பவரிடம் பின்பக்கத்துப் படம் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக. தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியபிறகு துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டாதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி வெயில் படாத பெட்டியில் வையுங்கள். அந்துருண்டையைத் துணியில் படாமல் ஓரமாகப் போடுங்கள், கம்பளி என்றால் பூச்சிக்கு விருந்து.

என் 40 யூரோ எடல்வைஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சந்தைக்குப் போகும்போது பையில் எடுத்துப்போகிறேன். சந்தேகமான ஒன்றைக் கையில் வாங்கினால் இதை அருகில் வைத்து இரண்டையும் திருப்பிப் பார்ப்பேன். கடைக்காரர்களில் சிலர் அந்த நேரத்தில் விலையைக் குறைக்கிறார்கள். சிலர் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.